துக்கம் விசாரித்த நான்கு பக்கம்

இந்த முறை வாசகர் கேள்விகள் எல்லாம் பழைய கடிதங்களைச் சுற்றியே. தொடங்கி வைத்தவர் கும்பகோணத்து வாசகி ஒருவர். சென்ற இதழில் அவருடைய கேள்வியைச் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதிவிட்டார்கள்.

கேள்வி: என் தாத்தா கல்லூரி ஆசிரியர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 4 பக்கக் கடிதம் ஒன்று இருக்கிறது. தத்துவப் பேராசிரியர் ஒருவர், தம்மோடு வேலை பார்த்த தமிழாசிரியர் காலமானபோது தாத்தாவுக்கு எழுதியது. நான்காக மடித்து, மூலையில் குண்டூசி குத்தியிருக்கிறது. மடிப்பெல்லாம் விட்டுப்போகிற நிலையில் உள்ளது. பிரித்துப் படிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: படிக்கலாம், இன்றைக்கு வேண்டாம். பிரிப்பதற்கு முன் எந்த மை என்று தெரிய வேண்டும். மிக மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு பொட்டுத் தண்ணீர் தொட்டு, வெளியே தெரிகிற வரி ஒன்றின் முற்றுப்புள்ளி மேல் வையுங்கள். 10 எண்ணிவிட்டு மையொற்றுத் தாளின் (பிளாட்டிங் பேப்பர்) ஓரத்தால் ஒற்றுங்கள். தாளில் நீலமோ ஊதாவோ ஏறினால் அந்தக் கடிதத்தின் அருகில் ஈரத்தையே கொண்டுபோகாதீர்கள். ஊதா என்றால் அது அநேகமாகக் காப்பியிங் பென்சில். அந்தக் காலத்தில் கணக்கிலும் தபால் நிலையத்திலும் அதுதான் புழங்கியது. பார்க்கச் சாதாரணப் பென்சில் எழுத்தாகவே தோன்றும், ஈரம் பட்ட நொடியில் ஊதாவாகிப் பரவிவிடும்.

மை கலையவில்லை என்றால், முதலில் ஊசி. துரு காகிதத்தோடு ஒட்டிப் போயிருக்கும். ஊசியைப் பிடித்து இழுத்தால் அந்த மூலையும் கூடவே வந்துவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு துண்டு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் நடுவே முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று செருகுங்கள். ஃபிலிம் மேல் வைத்தே ஊசியை நிமிர்த்தி, சிறு குறடால் தலைப்பக்கமாக உருவ வேண்டும். துருக்கறையை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்காதீர்கள். பித்தளை அண்டாவுக்கு அது சரி.

அடுத்து காகிதத்தைப் பதப்படுத்துவது. மூடி போட்ட அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துண்டு, அதன் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் காய்கறிக் கூடை, கூடைமேல் காய்ந்த மையொற்றுத் தாள், தாளின் மேல் கடிதம். மூடியின் உட்புறத்திலும் ஒரு மையொற்றுத் தாளை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூடியில் வேர்க்கும் நீர் சொட்டி எழுத்தின் மேல் விழும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தாள் இளகும். அனலில் வாட்டிய வாழையிலை எப்படி மடிந்து கொடுக்குமோ அந்தப் பதம்தான் கணக்கு. விறைப்பாக இருந்தால் காத்திருங்கள். நசநசப்பாகிவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

பிரிக்க நகம் வேண்டாம். தட்டையாகச் சீவி உப்புத்தாளால் தேய்த்த மூங்கில் சிம்பு போதும். ஒரு மடிப்பைத் திறந்ததும் நிறுத்தி, இளகுகிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போங்கள். விரித்த பிறகு இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடித் தகடு, அதன்மேல் 2 அல்லது 3 கிலோ எடை. அரை மணியில் ஒருமுறை, 2 மணி நேரத்தில் ஒருமுறை ஒற்றுத்தாளை மாற்றிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். காய வைக்கவே முடியாது, பூஞ்சை முந்திக்கொள்ளும். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கடிதங்களில் எழுத்து பழுப்பாகிவிட்டது. சில இடங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகி இருக்கிறது. பூச்சியா?
– வாசகர், திருவாரூர்

பதில்: பூச்சி எழுத்தின் கோட்டைப் பார்த்து அரிக்காது. அது மையின் வேலை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சும் பழைய மை தெரியுமல்லவா? கடைகளில் விற்ற நீலக்கறுப்பு மையும் அந்த ஜாதிதான். எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, பல ஆண்டு கழித்துப் பழுப்பாகும். அதிலுள்ள இரும்பும் அமிலமும் காகித நாரைத் தின்றுகொண்டே இருக்கும். மை தடித்து விழுந்த இடங்கள்தான் முதலில் உதிரும்: எழுத்தின் சுழி, ஒரு கோட்டை இன்னொன்று வெட்டும் இடம், அடிக்கோடு. தாளின் பின்பக்கம் பழுப்பு ஊறியிருந்தால் மேலே சொன்ன டப்பா முறையைத் தொடவே கூடாது. ஈரம் அந்த இரும்பை எழுத்துக்கு வெளியேயும் பரப்பி, அரிப்பை வேகப்படுத்தும். அப்படிப்பட்ட கடிதத்தைக் காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வெளுத்த எழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. கைபேசியில் வண்ணப் படமாக எடுத்து, படத் திருத்தச் செயலியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பாருங்கள். பழுப்பு மை நீலத் தடத்தில் கறுப்பாகத் துலங்கும். வெளுத்த நீல மையானால் சிவப்புத் தடம். ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கும் இரும்பு மைக்கு நன்றாக வேலை செய்யும். தாள் ஒளிர, எழுத்து மட்டும் இருட்டாக நிற்கும். படம் எடுக்கிற சில விநாடிக்கு மேல் அந்த வெளிச்சம் வேண்டாம். பேனா அழுத்திய தடம் மட்டும் மிஞ்சியிருந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

கேள்வி: கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தோம், அது மஞ்சளாகிப் பிசுபிசுக்கிறது. எடுத்துவிட்டு லேமினேஷன் செய்யலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். லேமினேஷன் இயந்திரம் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிளாஸ்டிக்கைக் காகித நாருக்குள் உருக்கி இறக்குகிறது. பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளே அடைபட்ட அமிலம் உள்ளேயே வேலை செய்யும். ரேஷன் அட்டை தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், இதற்கு எங்கே போவது?

டேப்பின் பிளாஸ்டிக் மேல்தோல் தானாகக் கழன்று வந்தால் எடுத்துவிடலாம். அடியிலிருக்கும் பசைக் கறையை அப்படியே விடுங்கள். பெட்ரோல், தின்னர் என்று இறங்கினால் பால்பாயிண்ட் மை கரைந்து ஓடும்.

கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாள் என்ற மெல்லிய, நீள நார்க் காகிதமும் கோதுமைப் பசையும். பைண்டிங் கடையின் மைதாப் பசையை வாங்காதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், அந்தச் செம்பு காகிதத்தைக் கெடுக்கும். வீட்டிலேயே செய்யலாம். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல மாவைப் பிசைந்து, தண்ணீரில் கசக்கி, ரப்பர் மாதிரி மிஞ்சுகிற பிசினை வீசிவிடுங்கள். பாலைத் தெளியவைத்து, மேல்நீரை வடித்து, அடியில் தங்கியதற்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் 20 முதல் 30 நிமிடம் கை ஓயாமல் கிண்டுங்கள். கண்ணாடிபோல் ஆனதும் ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தூரிகையில் தொடும்போது மோர்ப் பதமாக நீர்க்கவிடுங்கள். பசை கெட்டியாக இருந்தால் ஒட்டிய இடம் காய்ந்து சுருங்கித் தாளை இழுக்கும். இரண்டாம் நாள் புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். திசுத்தாளைக் கத்தரியால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழியுங்கள். அந்த நார் ஓரம்தான் கடிதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 5 மி.மீ. அகலம் தாராளம், ஒட்டுவது பின்பக்கத்தில். தண்ணீருக்குக் கலைகிற மையானால் இந்தப் பசையும் கிடையாது.

கேள்வி: தாத்தா கடிதத்தைப் பிரித்துவிட்டோம். தலைப்பில் ‘விஜய ௵ ஆவணி ௴ 12 ௳’ என்றிருக்கிறது. எந்த ஆண்டு? எழுத்து பல இடங்களில் புரியவில்லை.
– கும்பகோணத்து வாசகியே மீண்டும்

பதில்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. விஜய வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1893, 1953, 2013 சித்திரைகளில் தொடங்கியவை. உங்கள் தாத்தாவுக்கு வந்ததென்றால் 1953. ஆவணி 12 என்பது ஆகஸ்ட் 27 அல்லது 28. உறை இருந்தால் தபால் முத்திரை சந்தேகத்தைத் தீர்த்துவிடும். உறையை எறிந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

தேதியே இல்லாத கடிதங்களுக்கு வேறு தடயங்கள் உண்டு. தபால்தலையில் அணா இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா இருந்தால் அதற்குப் பிந்தியது. இன்லண்ட் லெட்டர் 1950-ல்தான் வந்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னதாக இருக்க முடியாது. ‘மாயவரம், தஞ்சாவூர் ஜில்லா’ என்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஊர் மயிலாடுதுறை ஆன பிறகும் பெரியவர்கள் மாயவரம் என்றே எழுதினார்கள்.

எழுத்து விஷயம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்தில் லை, ளை, னை, ணை ஆகியவற்றின் ஐகாரம் தனியே நிற்காது, எழுத்தின் தலையில் துதிக்கை போல ஏறும். ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, எழுத்தின் வாலே கீழே சுழிந்து திரும்பும். அவசரமாக எழுதுகிறவர்களிடம் ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும்: ‘கர’ என்பதும் ‘கா’ என்பதும் இடம் பார்த்துத்தான் தெளியும். புள்ளியையும் பாதிக்குப் பாதி விழுங்கிவிடுவார்கள்.

பெயர்த்தெழுதும்போது வரிக்கு வரி எழுதுங்கள், மூலத்தில் வரி முறியும் இடத்திலேயே உங்கள் வரியும் முறியட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். வீட்டில் இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிட்டால் பாதிக் கேள்விக்குறிகள் போய்விடும். பேராசிரியரின் மற்றக் கடிதம் ஏதாவது கிடைத்தால் அதிலிருந்து அ முதல் ன வரை அவர் கை எழுதும் விதத்தை ஓர் அட்டையில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பிடிக்க ஸ்கேனரில் 600 டிபிஐ, வண்ணம், டிஃப் கோப்பு. தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடாகத் தெரிவது குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டுத் துக்கக் கடிதம் ஒன்றில் இரண்டு இடத்தில் மை கலங்கி வட்டமாக இருக்கிறது. அழுதுகொண்டே எழுதியிருப்பாரோ?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஓட்டு வீட்டில் ஒழுகியதாகவும் இருக்கலாம். மடித்த நிலையில் கறை பக்கத்துக்குப் பக்கம் அதே இடத்தில், சிறுத்துக்கொண்டே போனால் அது மடித்த பிறகு பட்ட தண்ணீர். ஒரே பக்கத்தில் மட்டும் இருந்து, கலங்கிய இடத்தின் மேல் அடுத்த வரி தெளிவாக ஓடினால் எழுதும்போதே விழுந்தது. அப்போதும் அது என்ன நீர் என்று தாள் சொல்லாது. அதேபோல, தொட்டெழுதும் பேனாவில் மை ஒவ்வொரு சில சொற்களுக்கும் வெளுத்து மறுபடி கறுக்கும். இறந்தவர் பெயர் மங்கலாக இருக்கிறது, கை நடுங்கியது என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை கவனிப்பது நல்லது.

கேள்வி: தத்துவப் பேராசிரியர் துக்கக் கடிதத்தை இறந்தவர் வீட்டுக்கு எழுதாமல் இன்னொரு ஆசிரியருக்கு எழுதியது ஏன்? அதில் ஆறுதலைவிட நோய் விவரம்தான் அதிகம் இருக்கும் போலிருக்கிறதே!
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. இந்த வகைக் கடிதத்துக்கு மேல்நாட்டில் பேர்போன ஒன்று இருக்கிறது. அதை வைத்துச் சொன்னால் விளங்கும். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1776 ஆகஸ்ட் 25 அன்று எடின்பரோவில் இறந்தார். அவருடைய நண்பரும் ஒழுக்கவியல் பேராசிரியராக இருந்தவருமான ஆடம் ஸ்மித் – நாம் பொருளாதாரப் பாடத்தில் படிக்கிற அதே ஸ்மித் – நவம்பர் 9 அன்று ஒரு கடிதம் எழுதினார். இடையில் 76 நாள். எழுதியது குடும்பத்துக்கு அல்ல, வில்லியம் ஸ்ட்ராஹன் என்ற அச்சகத்தாருக்கு. அச்சில் வரப்போகிறது என்று தெரிந்தே எழுதியது. ஹியூம் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதிவைத்த சிறு வரலாற்றுக்கு ஒரு முடிவுரை மாதிரி.

அதில் ஒப்பாரி கிடையாது. ஹியூம் உடல் மெலிந்ததும், சீட்டாடியதும், நண்பர்களோடு சிரித்துப் பேசியதுமாகவே போகிறது. கிரேக்கக் கதையில் இறந்தவர்களைப் படகில் ஏற்றிப்போகும் கரோனிடம் என்ன சாக்குச் சொல்லித் தவணை கேட்கலாம் என்று ஹியூம் வேடிக்கை பேசியதை ஸ்மித் விரிவாகவே எழுதுகிறார். புத்தகத் திருத்தம் பாக்கி இருக்கிறது என்பது ஒரு சாக்கு, கரோன் மசியவில்லை. நடுவில் வைத்தியரின் கடிதங்களை அப்படியே எடுத்துப் போடுகிறார். இறப்பதற்கு இரண்டு நாள் முன் ஹியூம் எழுதிய கடிதமும் உண்டு. அது ஹியூம் சொல்ல அவருடைய அண்ணன் மகன் கையால் எழுதியது. கடைசி வாக்கியத்தில்தான் தீர்ப்பு வருகிறது: மனித பலவீனம் அனுமதிக்கிற அளவுக்கு, நிறைந்த அறிவும் நற்குணமும் உள்ளவனுக்கு மிக அருகில் வந்தவர் அவர்.

நோய் விவரம் ஏன் அத்தனை? கடவுள் நம்பிக்கையில்லாதவர் சாவுக்கு அஞ்சி நடுங்கியிருப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. நடுங்கவில்லை என்பதற்கு ஸ்மித் சாட்சி சொல்கிறார், சாட்சிக்கு நாளும் விவரமும் வேண்டும். 1777-ல் கடிதம் அச்சானதும் வசைமழை. பிரிட்டனின் வாணிப முறை முழுவதையும் தாக்கி எழுதியதற்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு ஏச்சு இந்தச் சிறு தாளுக்குக் கிடைத்தது என்று 1780-ல் அவரே ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அதே ஸ்மித், மதத்தைப் பற்றி ஹியூம் எழுதிவைத்த உரையாடல் நூலை வெளியிடும் பொறுப்பை ஏற்கத் தயங்கினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கும்பகோணத்துக் கடிதத்துக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். யாருக்கு எழுதினார்? இறந்து எத்தனை நாள் கழித்து? பதினாறாம் நாளுக்குள் எழுதியது வேறு, மூன்று மாதம் கழித்து எழுதியது வேறு. கடிதத்தின் கையெழுத்தும் கையொப்பமும் ஒருவருடையதா, மாணவரைக் கொண்டு எழுதுவித்ததா? அடித்தல் திருத்தல் நிறைய இருந்து, உறைக்குத் தக்க மடிப்பு இல்லாவிட்டால் அது அனுப்பாத வரைவாக இருக்கலாம். இந்தக் கடிதம் நான்காக மடித்துப் பெறுநர் வீட்டில் கிடைத்ததால் போய்ச் சேர்ந்ததுதான். பிள்ளையார் சுழி இருக்கிறதா என்றும் பாருங்கள். துக்கக் கடிதத்தில் பல குடும்பங்கள் அதைப் போடுவதில்லை, ‘நலம், நலமறிய அவா’வும் வராது. இருந்தால், பாதிக் கடிதம் எழுதிய பிறகு செய்தி வந்திருக்கக்கூடும். அந்த இடத்தில் மையின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கும்பகோணத்துக் கடிதத்தைக் கல்லூரி மலரில் வெளியிடலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: தாள் பெற்றவர் வீட்டாருடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடைய வாரிசுகளுடையது. பெற்றவருக்கு அந்த உரிமை வராது. எழுதியவர் மறைந்த பிறகு முதன்முதலாக அச்சேறும் எழுத்துக்கு, அச்சான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புண்டு. ஆகவே ‘பழசுதானே’ என்று போட்டுவிட முடியாது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இறந்த தமிழாசிரியர் குடும்பத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நோய் விவரம் இருக்கிறதல்லவா.

கேள்வி: புயல் வெள்ளத்தில் ஒரு கட்டுக் கடிதம் நனைந்து போயிற்று. இனி நடந்தால் என்ன செய்வது? சாதாரண நாளில் எங்கே வைப்பது?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: நனைந்த கட்டைப் பிரிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் காயவைக்க முடியாதென்றால் கட்டைப் பாலித்தீன் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். உறைந்தால் மை மேலும் பரவாது, பூஞ்சையும் வளராது. கரண்ட் வந்த வீடு எது என்று பார்த்து அங்கே கொண்டுபோவதுதான் முதல் காரியம். பிறகு நிதானமாக நாலைந்து தாளாக எடுத்து மின்விசிறிக் காற்றில் ஆற்றலாம்.

சாதாரண நாளில்: பூஜை அறை வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். வெளிச்சுவர் அலமாரி வேண்டாம், ஓதம் ஏறும். உள்சுவரில் வைத்த பீரோவின் மேல்தட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கடிதம் விரித்த நிலையில் பாலியெஸ்டர் உறையில் இருக்கட்டும். வாடையடிக்கிற மலிவுப் பிளாஸ்டிக் உறை பிவிசி, அதைத் தவிருங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம், தாளில் படக்கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு இணையான மருந்து எதுவும் கடையில் இல்லை.

கேள்வி: சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது, கிழித்துப் போடு என்கிறார் அம்மா. என்ன சொல்ல?
– கும்பகோணத்து வாசகி

பதில்: அம்மா சொல்வது சாவுச் செய்தி சொல்லும் கார்டை. கறுப்பு மை தடவி வரும், வாசலிலேயே படித்துக் கிழித்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். டெல்டா வீடுகளில் அந்தக் கார்டுகள் அநேகமாக ஒன்றுகூட மிஞ்சாததற்கு அதுதான் காரணம். உங்களிடம் இருப்பது செய்தி சொல்லும் கார்டு இல்லை, துக்கம் விசாரித்த கடிதம். தாத்தாவே அதை ஊசி குத்தி எடுத்து வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தவர். அவை இன்றும் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன.

அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது உறை, ஊசி, நீங்கள் பெயர்த்தெழுதிய தாள் மூன்றும் கூடப் போகட்டும். எத்தனை பக்கம், என்ன நிலையில், யார் பார்க்கலாம் என்று எழுதி முத்திரை வைத்த ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். ஸ்கேன் படத்தின் ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். அதற்கு அம்மா ஆட்சேபணை சொல்ல மாட்டார் என்று நினைக்கிறோம்.